சனிக்கிழமை மாத்திரை

சித்ரகலாவின் வலது முழங்காலுக்குப் பின்னால், கால் மடங்குகிற குழியில், ஒரு கட்டி இருந்தது. சித்திரையில் தொட்டுப் பார்த்தபோது நெல்லிக்காய் அளவு. ஆடி பிறப்பதற்குள் முட்டை அளவுக்கு வந்துவிட்டது. காலை நீட்டி நின்றால் கல் மாதிரி விறைக்கும், மடக்கினால் மெத்தென்று அமுங்கும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கட்டி என்றால் வேலம்பாளையத்தில் எல்லோருக்கும் ஒரே நோய்தான் நினைவுக்கு வரும். அவளுக்கும் அதுதான் வந்தது.

பதினாறு வருடமாக அவள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். வலது கால் பெடலை அழுத்தினால்தான் மிஷின் ஓடும். மூன்று வருடமாக முடக்குவாதம் வேறு. விடிந்ததும் தூக்குப்போசி மூடியைத் திறக்கக்கூட விரல்கள் ஒத்துழைக்காது. மிஷினில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் பழக்கத்தில் ஓடிவிடும். அந்த மிஷினை விட்டு எழுந்தால் இந்தக் கைகளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது? அதனால் வெட்டில் மிஞ்சிய ரிப் துணிப் பட்டையை முழங்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு பெடலை மிதித்தாள்.

செக்கிங் டேபிளில் நிற்கும் ஷாஹிதாதான் கண்டுபிடித்தாள். டீ நேரத்தில் அவள் நொண்டுவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்து, சேலைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்துவிட்டாள்.

"அய்யோ, என்னங்க்கா இது? பல்லடத்துக் கோழிகூட முட்டைய இப்பிடி ஒளிச்சு வெக்காதுங்க."

"சத்தம் போடாத கண்ணு. ஷிப்மென்ட் போகட்டும், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஷிப்மென்ட் என்னைக்குங்க்கா போகாம இருந்துச்சு? ஒண்ணு போனா இன்னொண்ணு."

வியாழக்கிழமை மத்தியானம் பெடலை மிதித்தபோது காலுக்குள் ஏதோ பட்டென்று விட்டது. கெண்டைக்காலில் வெந்நீர் இறங்குவதுபோல் இருந்தது. ஒரு மணி நேரத்தில் கணுக்கால் வரை வீங்கிச் சிவந்துவிட்டது. ஷாஹிதா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா முதலில் சொன்னது, "இது புத்துநோய் இல்லீங்க" என்பதைத்தான். சித்ரகலா அங்கேயே அழுதுவிட்டாள்.

"வாதத்துல மூட்டுக்குள்ள நீர் கோத்து, பின்னால பை மாதிரி தள்ளியிருக்குது. அது உடைஞ்சுதான் கெண்டைக்கால் வீங்கியிருக்கு. ரத்தம் உறைஞ்சிருக்குமோன்னுதான் நாங்க பயந்தோம். வாதத்த அடக்கலைன்னா மறுபடியும் வரும். வாரத்துக்கு ஒருக்காப் போடற மாத்திரை, சனிக்கிழமை தவறாமப் போடறீங்களா?"

சித்ரகலா சேலையை இழுத்துக் கணுக்காலை மூடினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அதைப் போட்டால் மறுநாள் முழுக்கக் குமட்டும். ஞாயிறு படுத்துக் கிடக்கலாம் என்றுதான் சனிக்கிழமை என்று குறித்தார்கள். ஆனால் சித்திரையிலிருந்து பெரும்பாலான ஞாயிறுகளில் கம்பெனி இருந்தது. ஞாயிறு ஷிப்ட் என்று சொன்ன சனிக்கிழமைகளில் எல்லாம் அவள் மாத்திரையைப் போடவில்லை. பதினாறு வாரத்தில் போட்டது நான்கோ ஐந்தோ.

"நாயித்துக்கெழம வேலை இருக்குதுங்க" என்றாள்.

"வேற கெழமையில போட்டுக்கலாம்ல?"

"எந்தக் கெழமைங்க?"

டாக்டரம்மா குமட்டலுக்குத் தனியாக ஒரு மாத்திரை எழுதினார். அது எல்லோருக்கும் முழுசாகக் கேட்காது என்றும் சொன்னார்.

புற்று இல்லை என்ற நிம்மதி பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் வந்தது. இந்தக் காலை இப்படி ஆக்கியது யார்? நோயா, கம்பெனியா, தானேவா? மாத்திரையைப் போட்டிருந்தால் மிஷின் போயிருக்கும். போடாததால் கால் போகப் பார்த்தது. எதைச் செய்திருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

வேலைக்குப் போகாமல் ஒன்பது நாள் ஆகியிருந்தது; அன்று சனிக்கிழமை. சாயங்காலம் சூப்பர்வைசர் மாதவன் போன் செய்தார்.

"அக்கா, கால் எப்பிடிங்க இருக்குது? நாளைக்கு ஷிப்ட் இருக்குதுங்க. உங்க மிஷின்ல புதுசா ஒரு பொண்ணு உக்காந்திருக்குது. நாளைக்கு நீங்க வந்துட்டா எழுப்பிடறேன். திங்கக்கெழமைன்னா என் கையில இல்லீங்க."

"வந்தர்றேனுங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டு மாத்திரை அட்டையை எடுத்தாள். அந்த வாரத்து மாத்திரையையும் குமட்டலுக்கு எழுதிய மாத்திரையையும் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

ஞாயிறு காலை இடுப்பில் இரண்டு கேரிபேக்குகளைச் செருகிக்கொண்டு போனாள். புதிதாக வந்த பெண் எழுந்து இடம் விட்டாள். ஒன்பது மணிக்கெல்லாம் வாய் ஊறத் தொடங்கியது. தைக்க வேண்டிய பீஸ் கட்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்து முதல் கேரிபேக்கில் வாந்தி எடுத்தாள். ஷாஹிதா ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"எந்திரிங்க்கா, ஊட்டுக்குப் போலாம்."

சித்ரகலா கேரிபேக்கின் வாயை முடிச்சுப் போட்டு மிஷினுக்கு அடியில் வைத்தாள். வாயைத் துடைத்தாள். வீங்கிய காலைக் கையால் தூக்கிப் பெடல்மீது வைத்தாள்.

"இன்னொண்ணு இருக்குது கண்ணு" என்றாள். மிஷின் ஓடியது.