மாதாவோடு நான் போட்ட சண்டை

மாதாவை நம்பும் உங்கள் எல்லாரிடமும் இதைச் சொல்லும்போது என் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆறிய பிறகு சொன்னால் இது பாதிச் சாட்சியாகிவிடும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. மகன் ஜெராரும் அதே ராணுவத்தில், தென் பிரான்சில் இருக்கிறான். போன ஆண்டு ஆகஸ்டில் விடுப்பில் வந்தபோது, ஆப்பிரிக்காவின் ஜிபூத்திக்குப் போகும் குழுவில் அவன் பெயர் சேர்ந்திருந்தது. புறப்படுமுன் முகாம் மருத்துவர் அவனுக்குத் தகுதிச் சான்று தர வேண்டும். அவன் வருடக்கணக்காக ஏங்கிய பயணம் அது. எனக்கோ அச்சம். 'முழு உடம்போடு போய் உயிரோடு வரட்டும் தாயே' என்று மன்றாடி, அவன் வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடந்து வருவான் என்று நேர்ந்துகொண்டேன்.

"ஷூ போட்டுக்கினு நடக்கட்டும் ரீத்தா. மாதா ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டாங்க" என்றார் கணவர்.

"வெறுங்காலுன்னு நேந்துட்டேங்க. மாதாகிட்ட பேச்சு மாறச் சொல்றீங்களா?"

ஜெரார் சிரித்தான். "விடுங்கப்பா. ராணுவத்துல சார்ஜன் சொன்னா நடக்கறேன். அம்மா சொன்னா நடக்க மாட்டனா?"

காவி உடுத்திப் போனவன், கொப்புளம் வெடித்த பாதங்களோடு திரும்பினான். குதிகாலில் ஒரு புண். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், இளைத்தும் போயிருந்தான். வெயிலில் நடந்த களைப்பு என்று நினைத்து, இளநீர் கொடுத்து விமானம் ஏற்றினேன்.

செப்டம்பர் முடியுமுன் தொலைபேசியில் அழுதான்.

"புண்ணு ஆறலம்மா. பூட்ஸு போட முடியல. இப்போதைக்குத் தகுதியில்லன்னு டாக்டர் நிறுத்திட்டாரு. பசங்கல்லாம் கெளம்பறாங்க. நான் மட்டும் இங்க."

பின்னால் நின்ற கணவர் சொன்னார்: "நான் எத்தினி நாட்டுக்குப் போய் வந்தேன், ஒரு கீறல் இல்ல. உன் நேர்ச்சை ஒரே நடையில அவனை முடிச்சிடுச்சி."

மறுநாள் பூசை முடிந்ததும் மாதா சுரூபத்தின் முன் போய் நின்றேன். மண்டியிடவில்லை. மெழுகுவர்த்தியும் ஏற்றவில்லை. 'உன்னைத் தேடி வந்த கால் அது. அந்தக் காலையா புண்ணாக்கினாய்? நீயும் மகனைப் பெற்றவள்தானே?' என்று வாய்விட்டே கேட்டேன். செபமாலையோடு நின்ற பக்கத்துவீட்டு ஸ்தெல்லா என் கையைப் பிடித்தாள்.

"எல்லாம் நல்லதுக்குத்தான்க்கா."

"எது நல்லது? காட்டுடி பாப்போம்!"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். ஆறுதல் என்ற பெயரில் வாயை அடைக்கும் அந்தச் சொல்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். அதற்குப் பிறகு தினமும் கோயிலுக்குப் போனேன், சண்டை போடத்தான். 'அந்தப் புண் ஏன் ஆறவில்லை? பதில் சொல்' என்பது ஒன்றே என் செபம்.

பதில் வந்தது. மருந்து போட்டும் புண் ஆறாததால், அந்த மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இளம் வயதிலேயே உடம்பில் இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் வகை. அன்றே மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

"கால் நல்லா இருந்திருந்தா, பல்லையும் தடுப்பூசியையும் பாத்துட்டு அனுப்பியிருப்பாராம்மா" என்றான் ஜெரார். "ஜிபூத்தி வெயில்ல மயங்கி விழுந்திருந்தா உயிர் தங்கியிருக்காதுன்னாரு."

கணவர் தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்தார். மகன் சொன்னதை முழுதும் கேட்டார். திருப்பித் தந்துவிட்டு, "ரீத்தா, காப்பி போடட்டுமா?" என்றார். எங்கள் மணவாழ்வில் அவர் கேட்ட மன்னிப்பு அது ஒன்றுதான்.

இப்போது ஜெரார் இன்சுலின் போட்டுக்கொண்டு முகாமின் பண்டகசாலையில் வேலை செய்கிறான். கடல்தாண்டிய பணிக்கு இனி அனுப்ப மாட்டார்கள். அந்த வலி அவனுக்கும் போகவில்லை, எனக்கும் போகவில்லை. முழு உடம்பையும் உயிரையும் கேட்டேன், உயிர் கிடைத்தது. அதற்காக மண்டியிட்டு நன்றி சொன்னேன். கிடைக்காததற்காக எழுந்து நின்று மறுபடியும் கேட்டேன். அடுத்தவர் காலை நம்பி இனி நேர்ந்துகொள்வதில்லை.

உங்களில் யாராவது கோபத்தால் கோயிலுக்குப் போகாமல் இருந்தால், தயவுசெய்து போங்கள். கோபம் தணியும்வரை காத்திருக்க வேண்டாம். நான் கத்தியபோது அந்தத் தாய் முகம் திருப்பிக்கொள்ளவில்லை. கத்துங்கள். ஆனால் அவளிடமே போய்க் கத்துங்கள்.