வேறு ஆள் என்று சொன்னேன்

சின்னான் ஆனையூர்க்காரர். தல்லாகுளத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் மொழியியல் நடத்திய கல்லூரிக்குப் பதினெட்டு வருடம் தன் ஆட்டோவில் என்னைக் கொண்டுபோய் விட்டவர். எட்டே காலுக்கு வாசலில் நிற்பார். ஹாரன் அடிக்க மாட்டார். மழை பெய்தால் தன் சட்டை நனையும், என் புத்தகப் பை நனையாது.

போகும் வழியில் அன்றைய பாடத்தை அவரிடம் சொல்லிப் பார்ப்பேன். பாவம், தப்பிக்க முடியாத மாணவர். ஒருநாள் விளக்கினேன்: "அழகர்மலைச் சாமின்னாலும், சித்திரையில ஆத்துல இறங்குறவர்னாலும் சுட்டுற ஆள் ஒருத்தர்தான். ஆனா ரெண்டு சொல்லுக்கும் பொருள் வேற. ஒண்ணைத் தெரிஞ்சவனுக்கு இன்னொண்ணு தெரியணும்னு இல்ல."

"ஆளு ஒருத்தர்தான் சார். ஆனா ஆத்துல இறங்குற அன்னைக்கு அவரைத் தேடி மலைக்குப் போனா அங்கன இருக்க மாட்டாரே" என்றார் சின்னான். வகுப்பில் அதை என் சொந்தச் சரக்குபோலச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறுதோறும் வந்து காபி குடித்துவிட்டுப் போவார். அவர் வீட்டுக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. அப்போது அது ஒரு குறையாகவே படவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மதியம், தெரியாத எண்ணிலிருந்து அவர் மனைவி முத்துத்தாய் அழைத்தார். "சார், அவுகளை லாரி அடிச்சுருச்சு. ஒங்களைப் பாக்கணுங்குறாக. ஏதோ சொல்லணுமாம்." ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னார். பதறிப்போய் ஓடினேன்.

விசாரணை மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "சின்னான்னு யாரும் இல்ல சார். ஆனையூர்ல இருந்து நல்லகாமன்னு ஒருத்தர் இருக்காரு, லாரி கேஸ். ரெண்டாவது மாடி. ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் வருமே. "அது வேற ஆளும்மா. பதினெட்டு வருஷமா பழகுறேன், எனக்குப் பேர் தெரியாதா?" என்றேன்.

ஆஸ்பத்திரிப் பெயரைத்தான் முத்துத்தாய் பதற்றத்தில் மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும் என்று நானே முடிவுகட்டினேன். சின்னானின் செல் அணைந்திருந்தது. முத்துத்தாய் அழைத்த எண்ணுக்கு அடித்தேன். அது வேறொரு நோயாளியின் உறவினருடையது. அவர் அதற்குள் ஊருக்குக் கிளம்பியிருந்தார். இருட்டும்வரை இன்னும் நாலு ஆஸ்பத்திரிகளில் சின்னானைத் தேடினேன்.

மறுநாள் காலையில் ஆனையூருக்குப் போனேன். ஆட்டோ ஸ்டாண்டுக்கு அருகில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தது. படத்தில் இருந்தது சின்னான். கீழே நல்லகாமன் என்று போட்டிருந்தது.

நல்லகாமன் அவருடைய தாத்தாவின் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது அந்த வீட்டு வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் வழக்கம். அதனால் பெற்றவள் சின்னான் என்று கூப்பிட, ஊரும் அப்படியே கூப்பிட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் ஆதாரிலும் மட்டும் நல்லகாமன். ஒரு ஆளுக்கு இரண்டு பெயர் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவன் அவரிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

துக்க வீட்டில் முத்துத்தாய் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் நல்லா நெனவு இருந்துச்சு சார். வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாக. எடம் தெரியாம அலையுறாரோன்னு கேட்டேன். 'சாருக்கு என்னைய நல்லாத் தெரியும், கண்டுபிடிச்சு வந்துருவாரு'ன்னாக."

"என்ன சொல்லணும்னு இருந்தாரும்மா?"

"என்ட்டச் சொல்லல சார். ஒங்ககிட்டதான் சொல்லணும்னாக."

மூன்று மணிக்கே வந்து, இரண்டு மாடிக்குக் கீழே நின்று, வேறு ஆள் என்று சொல்லிவிட்டுப் போனேன் என்று முத்துத்தாயிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்றேன்.