முன்தண்டும் இறுகிய தோளும்

இடது தோளுக்குள் யாரோ கடப்பாரையைச் செருகித் திருகினார்கள். சட்டை மாட்டக் கையைத் தூக்கியதற்கே இந்தத் தண்டனை. ஐம்பதை நெருங்கும் வயது, இடது பக்கம், வலி. வேறென்ன, மாரடைப்புதான். நீடாமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரிலேயே உரக்கடைச் சாவியை மனைவியிடம் ஒப்படைத்து, வாய்மொழியாக உயிலும் சொல்லி, என் சாவுக்கு யார் யார் வரக் கூடாது என்பதையும் அறிவித்துவிட்டேன்.

டாக்டர் இசிஜியைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். "ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்லீங்க. தோள்பட்டை இறுகிப்போச்சு. எக்சர்சைஸ் பண்ணுங்க. வலிக்கும், ஆனா மெதுவா பண்ணுங்க."

இது மாரடைப்பைவிட மோசம். எங்கள் ஊர் மாதா திருவிழாவில் சப்பரத்தின் வலப்பக்க முன்தண்டு எங்கள் வீட்டுக்கு உரியது. இடது தோளில் ஏறும் தண்டு. அதைக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தித் தானே தூக்கி வாங்க வேண்டும். முடியாதவன் ஒதுங்கினால் அடுத்த பங்காளிக்குப் போகும், போனால் திரும்பாது. அடுத்த பங்காளி, அறுவடை மெஷின் ஓட்டும் என் சித்தப்பா மகன். சாவுக்கு வரக் கூடாதவர்களில் முதல் ஆள்.

பயிற்சி கொடுக்க மனைவியின் தம்பி வந்தான். என் வயதை ஒட்டியவன். கபடியில் அவன் பிடித்தால் ரெய்டு வந்தவன் தவழ்ந்துதான் வீடு போவான். கிணற்று ராட்டினத்தை உத்திரத்தில் கட்டி, கயிற்றின் ஒரு முனையை என் இடது கையில் சுற்றினான். மறுமுனையை நானே வலது கையால் மெல்ல இழுக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. அவன் இழுத்தான்.

உள்ளே என்னமோ கிழிந்தது. என் அலறலில் பக்கத்து வீட்டு ஆடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வயலுக்குள் ஓடியது. அவன் வயிற்றில் ஓங்கி உதைத்தேன்.

"கொல்றியா மாப்ள?"

"சாக மாட்டீங்க மச்சான். செத்தா அக்கா என்னை உயிரோட விடாது."

"உனக்கெல்லாம் வலிக்கவே வலிக்காதா?"

அவன் சட்டையை விலக்கினான். உடைந்து கூடிய காறையெலும்பு கரணையாகத் துருத்தியிருந்தது. "உங்களைவிட எனக்குத்தான் ஜாஸ்தி. காலையில பித்தான் போடவே முடியாது. ஆனா உங்களுக்கு வலிச்சா உயில் எழுதுறீங்க. எனக்கு வலிச்சா வலிக்குது, அவ்வளவுதான்."

அதன் பிறகு கயிற்றை நானே இழுத்தேன். மறுநாள் காலைவரை வலி தங்கினால் குறைத்துக்கொண்டேன், தங்காவிட்டால் கூட்டினேன். ஒவ்வொரு இழுப்பிலும் சாவுமணி கேட்டது. கை புருவம்வரை ஏறியது. அங்கேயே நின்றுகொண்டது.

திருவிழா அன்று சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது, சித்தப்பா மகன் எங்கள் தண்டைப் பிடித்தபடி தயாராக நின்றான்.

"ஒதுங்குங்கண்ணே. மாதாவைக் கீழ போட்டுடப் போறீங்க."

சொல்லிக்கொண்டே என் தோளில் கையை வைத்துத் தள்ளினான். அதே தோள். கண் இருட்டியது. இருட்டிலிருந்து என் இடது கை மேலே போய், அவன் கன்னத்தில் இடியாக இறங்கியது. மூக்கில் ரத்தம். அவன் என் கழுத்தை நெரித்தான், நான் அவன் காதைத் திருகினேன், இருவரும் பட்டாசுக் குப்பையில் உருண்டோம். மைக்கில் ஃபாதர் கதறினார். மாப்ள பாய்ந்து இருவரையும் ஒரே பிடியில் அமுக்கினான்.

"மச்சான், கை எங்கேர்ந்து இறங்குச்சுன்னு பார்த்தீங்களா?" என்றான் என் காதில்.

தலைக்கு மேலிருந்து.

அது மறப்பதற்குள் எழுந்து கையை உயர்த்தித் தண்டை வாங்கினேன். தோளைக் கடித்துக் குதறியது. தூக்கியவனுக்குத்தான் தண்டு.

"உயில் எதுவும் இருக்கா?" என்றான் மாப்ள.

"இறக்கி வச்சிட்டுச் சொல்றேன்."

சித்தப்பா மகனை எனக்குப் பின்னால், அதே தண்டில் நிறுத்தினார்கள். மூக்கில் பஞ்சோடு அவன் தெரு நெடுக வேண்டுமென்றே தண்டை எம்பி எம்பி இடித்தான். இடிக்கும்போதெல்லாம் நான் அலறினேன். அலறும்போதெல்லாம் கூட்டம் பக்தியோடு "மரியே வாழ்க!" என்றது.