பங்களா வளைவில் இறங்காத சைக்கிள்

"1949 மார்ச் 17, வியாழன். காலையில் மழை இல்லை. பங்களா வளைவில் துரை நின்றார். நான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு உள்ளது இவ்வளவுதான். பெய்யாத மழையைக்கூடக் குறித்து வைத்தவன், இறங்காததற்கான காரணத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன்.

அப்போது நான் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். குடியிருப்பு மலை மேல், கந்தோர் என்கிற அலுவலகம் கீழே. நடுவழியில் தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் பங்களா. துரை எதிர்ப்பட்டால் குடையை மடக்க வேண்டும், தலைத்துண்டை எடுக்க வேண்டும், சைக்கிளில் போகிறவர் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். இது எந்தப் பதிவேட்டிலும் இல்லை, தேடிப் பார்த்திருக்கிறேன். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஓராண்டு கடந்தும் அது பங்களா வளைவு வரை ஏறி வரவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த வழக்கம் என்னை அதிகம் உறுத்தியதில்லை. இறக்கத்தில் நான் எப்போதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவேன். உலகத்துப் புரட்சிகளைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவன். ஆனால் சரிவைக் கண்டால் பயம். அன்று நேரமாகிவிட்டதால் துணிந்து ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் பிரேக்கைப் பிடித்தேன். நான் பிடித்ததைச் சைக்கிள் பொருட்படுத்தவே இல்லை. வளைவில் துரை நாயோடு நின்றிருந்தார். அவரைக் கடந்து, அடுத்த திருப்பத்தில் தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தேன். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நான் துரையைக் கடந்தது தெரிந்தது. விழுந்தது தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் தொழிலாளர் குடியிருந்த லயமெல்லாம் அதே பேச்சு.

"கிளாக்கரய்யா தொர மூஞ்சிக்கு நேரா போனாராமே!"

நான் மறுக்கவில்லை. லேசாகச் சிரித்தேன். அடக்கமான வீரர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன்.

மறுநாள் துரை கூப்பிட்டனுப்பினார். ஆங்கிலத்தில், யார் காதிலும் விழாத குரலில், உள்ளதைச் சொன்னேன்: பிரேக் இல்லை, மன்னிக்க வேண்டும். துரை சிரித்து விட்டுவிட்டார். அடுத்து உள்ளே வந்தவர் தப்பால்காரர். நோர்வூட் தபாற்கந்தோருக்குத் தோட்டத்துக் கடிதப் பையைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவர். அவர் ஓட்டியது தோட்டத்துச் சைக்கிள். அவரும் முந்தின நாள் வளைவில் இறங்கவில்லையாம். துரை அன்று நல்ல மனநிலையில் இருந்தார். தப்பிக்க வழியை அவரே காட்டினார்.

"ஒனக்கும் பிரேக் இல்லையா?"

"பிரேக்கு நல்லா புடிக்குதுங்க தொர. புதுக் கட்ட."

"அப்ப ஏன் எறங்கல?"

"எறங்கணும்னு தோணலைங்க."

அன்றே பை அவரிடமிருந்து வாங்கப்பட்டது. செடியை வெட்டிக் கழிக்கும் கவ்வாத்து வேலைக்கு, கத்தியோடு மலைக்கு அனுப்பப்பட்டார். அதைப் பதிவேட்டில் எழுதியவன் நான். கையெழுத்து வழக்கம்போல் அழகாகவே இருந்தது. அவர் என்னைப் பார்த்துத்தான் துணிந்தார், என் பொய்க்கு அவர் தண்டனை அனுபவிக்கிறார் என்று நம்பினேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஹட்டனில் வேறு வேலை கிடைத்து இறங்கி வந்துவிட்டேன்.

1963 ஆகஸ்டில், அந்தத் தப்பால்காரர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். போவதற்குள் அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை அதே சைக்கிளை எடுத்துக்கொண்டு டிக்கோயா வழியாகப் புறப்பட்டேன். முன்பு சனிக்கிழமைதோறும் போய் வந்த பாதை. மற்றவர்களுக்கு அங்கே மைல்கல்கள். எனக்கு விழுந்த இடங்கள். இந்த மதகில் முழங்கை. அந்த மரத்தடியில் கைக்கடிகாரம். டிக்கோயாவில் முன்பு சங்கிலி மாட்டிக்கொடுத்த சிங்கள மெக்கானிக் பாஸ் "மாத்தயா, பஸ் எக்கே யன்ன" என்று, பஸ்ஸில் போகச் சொல்லிக் கும்பிட்ட கடை மூடிக் கிடந்தது. வழியெல்லாம் மன்னிப்பு வாசகத்தை மெருகேற்றிக்கொண்டே போனேன். தோட்டத்து ஏற்றத்தில் வழக்கப்படி தள்ளினேன்.

அவர் லயத்து வாசலில் டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது. கவ்வாத்துக் கத்தி.

"வாங்க கிளாக்கரய்யா. இன்னும் அதே சைக்கிளா?"

மெருகேற்றிய வாசகம் வரவில்லை. "அண்ணே, அன்னைக்கு எனக்குப் பிரேக் இல்ல. வீரமெல்லாம் இல்ல. இறங்க முடியாமத்தான் போனேன்" என்றேன்.

"தெரியுங்களே."

"எப்படி?"

"ஒங்க பிரேக்குக் கட்டையைக் கழட்டுனதே நான்தானுங்களே."

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்தார். "பதினாலு வருஷமா இதச் சொல்லிச் சொல்லித்தாங்க சிரிக்கிறாரு."

"தோட்டத்து சைக்கிள்ல கட்ட தேஞ்சு போச்சுங்க. கேட்டா தரல. நீங்க எப்பவும் தள்ளிக்கிட்டுத்தானே போவீங்க, ஒங்களுக்கு எதுக்குப் பிரேக்குன்னு மொத நாள் சாயங்காலம் கழட்டிக்கிட்டேன். அன்னைக்குன்னு பாத்து ஏறி ஒக்காருவீங்கன்னு கனவா கண்டேன்?"

என் நாட்குறிப்பில் மார்ச் 12, சனிக்கிழமை, "ஹட்டனில் புதுப் பிரேக் கட்டை வாங்கிப் பூட்டினேன்" என்று இருக்கிறது. ஆறே நாளில், பிரேக் இல்லை என்று நான் துரையிடம் சொல்கிறேன்; அடுத்து வந்தவர் புதுக் கட்டை என்கிறார். இரண்டையும் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். பதினான்கு வருடம் எனக்கு எதுவும் தட்டவில்லை.

"ஆனாலும் என்னைப் பார்த்துத்தானே நீங்களும்..." என்று தயங்கினேன்.

அவர் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஒங்களப் பாத்தா? நான் விடியக் காலமே போயிட்டேனுங்க. தொர அப்பவும் அங்கதான் நின்னாரு. ஐயா, நீங்க எறங்க முடியாம போனீங்க. நான் எறங்க முடிஞ்சும் போனேன். அதனாலதான் பிரேக்கு நல்லா இருக்குன்னு தொரகிட்ட சொன்னேன்."

பிறகு என்மேல் இரக்கப்பட்டவர்போல, "கட்ட நல்ல கட்டைங்க, குத்தம் சொல்லக் கூடாது" என்றார்.

பாவத்தை இறக்கி வைக்கப் போன இடத்தில், பாவம்கூட எனக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிட்டது. திரும்பும்போது ஒரு வைராக்கியம் வந்தது. இன்று பிரேக் இருக்கிறது; ஏறி உட்கார்ந்து, பங்களா வளைவை இறங்காமல் கடப்பது. முக்கால் இறக்கம் நன்றாகவே வந்தேன். வளைவில் பின்னால் ஹார்ன் கேட்டது. அடுத்த கணம் நான் வடிகால் கானோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தொப்பியையும் எடுத்துவிட்டு நின்றிருந்தேன்.

வந்தது கொழுந்து லொறி. டிரைவர் தலையை நீட்டினார். "என்னங்க ஐயா, பிரேக் புடிக்கலையா?"

"ஆமாம்" என்றேன்.

அன்றைய குறிப்பு: "பங்களா வளைவு. இறங்கினேன்."

அவர் அடுத்த மாதம் போய்விட்டார். அவர் தந்த விலாசத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அன்று மலையில் கொழுந்து எடுத்த இருவரைக் கண்டுபிடித்துக் கேட்டேன். ஒருவர் நான்தான் முதலில் போனேன் என்றார். மற்றவர், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போதே தப்பால்காரர் போய்விட்டார் என்றார். என் குறிப்பில் மணி இல்லை. அந்த ஆண்டில் மணி குறிக்காத நாட்கள் இரண்டு, அதில் இது ஒன்று. 1949 மார்ச் 17 காலை அந்த வளைவை இறங்காமல் முதலில் கடந்தவர் யார் என்பது, இதை எழுதும் 1965 வரை, உறுதிப்படவில்லை.