தம்பிக்குக் கிண்டிய களி

போன வாரம் ஓசூர் டயாலிசிஸ் சென்டரில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிப் பத்தி எழுதுகிறவள்... எனக்கு இது வேண்டும்தான்.

என் தம்பி செல்வத்துக்கு இரண்டு கிட்னியும் பழுது. சூளகிரியில் கம்பெனி வேலை, என் வீட்டில் சாப்பாடு, இடையிடையே டயாலிசிஸ். கொஞ்ச நாளாக, "இடுப்பெலும்பு வலிக்குதுக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எலும்பு வலியா? எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே வைத்தியம்தான் — ராகிக் களி, ஆட்டுக்கால் சூப்!

இரண்டையும் டாக்டர் எப்போதோ வேண்டாம் என்றிருந்தார். புத்தகத்தைப் படித்துச் சொல்கிறார், களியின் அருமை அவருக்கு என்ன தெரியும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அன்று ரத்த ரிசல்ட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பியோட ஹார்மோன் முன்னாடியே ஜாஸ்தி. இப்ப அல்கலைன் பாஸ்பட்டேஸும் ஏறிடுச்சு. ரெண்டும் சேர்ந்து ஏறினா எலும்பு வேகமா கரையுதுன்னு அர்த்தம். இப்படியே போனா மருந்துக்கு அடங்காது... கழுத்துல ஆபரேஷன் பண்ணி அந்தச் சுரப்பியை எடுக்கணும்." பிறகு தம்பியிடம் கேட்டார்: "சாப்பாடெல்லாம் நான் சொன்னபடிதானே?"

"ஆமாங்க சார்" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப ஆபரேஷனுக்கு நாள் பார்க்க வேண்டியதுதான்."

வாய் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் தம்பி கழுத்தில் கத்தி! இதற்குப் போய் ஒரு நொடி யோசித்தேனே... அதை நினைத்தால்தான் இன்னமும் உடம்பு கூசுகிறது.

"தெனமும் களி போடறேங்க சார். சூப்பும்..."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நானும் ராகி முத்தே, அதான் உங்க களி, தின்னு வளர்ந்தவன்தாம்மா. நல்ல கிட்னிக்கு அது அமிர்தம். இவருக்கு அதுல இருக்கிற பாஸ்பரஸ் சரியா வெளியே போகாது. அது ரத்தத்துல ஏற ஏற, சுரப்பி எலும்பை அரிக்கும். சரி, சாப்பாட்டையும் மருந்தையும் மாத்திப் பார்ப்போம். அடுத்த டெஸ்ட்ல இறங்கலைன்னா ஆபரேஷன்தான்."

வெளியே வந்ததும் தம்பி மீது பாய்ந்தேன். என் தப்புக்கு அவன் மேல் கோபம்!

"ஏன்டா பொய் சொன்னே? களி வேணாம்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ ஆசையா கிண்டிப் போடறே. எப்படிக்கா வேணாங்கறது?"

ஆசையாகக் கிண்டினால் மட்டும் பாஸ்பரஸ் குறைந்துவிடுமா என்ன?