மூன்று கிலோவில் நிற்காத முள்

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் வருகிறவர் கொளஞ்சிநாதன். வயது நாற்பத்தேழு. காண்ட்ராக்டில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் நான்கு மாதம், இன்னும் காண்ட்ராக்ட்தான். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கசியாமலிருக்கக் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப் சுருள் ஒன்று இருக்கும். மரை எதைக் கண்டாலும் அவர் கை சும்மா இராது. நாலு சுற்று சுற்றிவிட்டுத்தான் முடுக்கும்.

"வுட்டா கொழம்புச் சட்டிக்கும் சுத்துவாரு" என்பார் மனைவி அம்சவல்லி.

2021இல் பழைய மினி டிராக்டர் ஒன்றை வாங்கினார். வேலையில்லாத நேரங்களில் குள்ளஞ்சாவடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் உழவு. பெரிய டிராக்டர் நுழைந்தால் தாழ்ந்த கிளைகள் முறியும். இவர் வண்டி கிளைக்கடியில் நழுவிப் போய்விடும். அதனால் புரட்டாசி பிறந்தால் பதினோரு தோப்புக்காரர்கள் இவர் வழியைப் பார்த்திருப்பார்கள்.

2023 செப்டம்பர் 21, வியாழக்கிழமை காலை எட்டே முக்கால். மாணிக்கம்மாள் தோப்பில் மூன்றாவது சால் ஓடும்போது ஆயில் பிரஷர் கேஜின் முள் படுத்துவிட்டது. மூன்று கிலோ அழுத்தம் காட்ட வேண்டியது அரை கிலோவில் கிடந்தது. ஆயில் அழுத்தமில்லாமல் ஓட்டினால் என்ஜின் ஜாமாகிவிடும். உடனே அணைத்தார். ஆயில் அளவு சரியாக இருந்தது, சத்தத்திலும் கோளாறில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர் போனிலேயே சொல்லிவிட்டார்: பேரிங் தேய்ந்திருக்கும், என்ஜினைப் பிரிக்க வேண்டும், இருபது நாளாகும்.

இருபது நாளில் மழை பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமை காலைவரை பார்ப்பதாகவும், அதற்குமேல் திருவதிகையிலிருந்து பெரிய டிராக்டரையே வரவழைப்பதாகவும் மாணிக்கம்மாள் சொல்லிவிட்டார். அவர் போனால் மற்ற பத்துத் தோப்பும் பின்னாலேயே போகும்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்று இருபதுக்கு டிராக்டர் லோடு வேனில் ஏறி, சசிகுமாரின் குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பமரத்தடியில் இறங்கியது. சசிகுமார் மைன்ஸில் மீட்டர், கேஜ் பார்க்கும் பிரிவில் பர்மனென்ட். அவர் வீட்டுக் குழாயைக் கொளஞ்சிநாதன் இதுவரை ஒன்பது முறை சரிசெய்திருக்கிறார். முதல் ஷிப்டு முடித்து வந்த சசிகுமார், மைன்ஸ் வழக்கப்படி முதல் கேள்வியைக் கேட்டார்: யாராவது கை வைத்தார்களா?

"ஒருத்தரும் தொடலீங்க சார். நா மட்டுந்தான் ஓட்டிக்கினு இருக்கறேன்."

கேஜுக்குப் போகும் மெல்லிய செப்புக் குழாயை என்ஜின் பக்கம் கழற்றி, அந்த இடத்தில் தன் சொந்தக் கேஜை முடுக்கினார் சசிகுமார். வண்டியைக் கிளப்பியதும் முள் எழுந்து மூன்று கிலோவில் நின்றது.

"என்ஜின் பர்மனென்டுண்ணே. உங்க கேஜுதான் லீவு போட்டிருக்கு" என்றார் சசிகுமார்.

அடுத்து, குழாயை என்ஜினில் மறுபடி பூட்டி, கேஜ் முனையை மட்டும் தளர்த்திக் கிளப்பினார்கள். ஆயில் பீறிட்டு சசிகுமாரின் பனியனை நனைத்தது. ஆக, குழாயிலும் அடைப்பில்லை. மிச்சமிருந்தது கேஜின் வாய். அதன் துளை ஊசி நுழையும் அளவுதான். சசிகுமாரின் மனைவி புவனா சேலை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். கொளஞ்சிநாதன் குத்தி இழுத்தார். ஆயிலில் ஊறிய வெள்ளை இழை ஒன்று, நகத்தளவு நீளத்தில் சுருண்டு வந்தது.

அதைப் பார்த்ததும் அவருக்குச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. கேஜின் பின்புறம் ஆயில் கசிந்ததென்று கழற்றி, ஏழு சுற்று சுற்றி முடுக்கியிருந்தார். கசிவு நின்றது, விஷயத்தை மறந்துவிட்டார். பிய்ந்த டேப் இழை இரண்டு நாளில் துளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"யாரும் தொடலேன்னீங்களேண்ணே."

"டேப்பு தான சார் சுத்துனேன்."

புவனா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அந்த மூட்டுக்கு டேப்பே கூடாது, செப்பு வாஷர்தான் என்று சசிகுமார் சொல்லி, தன் பெட்டியிலிருந்து ஒன்றைத் தேடிப் போட்டார். கசியவில்லை. மூன்று கிலோ.

சனிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு டிராக்டர் தோப்பில் நின்றது. என்ஜினைப் பிரிக்காமல் எப்படி வந்தாய் என்று மாணிக்கம்மாள் கேட்டார். ஏதோ தூசு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

"என் கைவேலதாங்க்கா. நாந்தான் அடைச்சி வெச்சேன்."

மாணிக்கம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வடக்கு மூலையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். முதல் சாலில் மரத்துக்கு ஒரு தடவை முள்ளைப் பார்த்தார் கொளஞ்சிநாதன். ஏழாவது சாலில் பார்க்க மறந்துவிட்டார்.