மாணவருக்கென்று விட்டுவைத்த வேலை

மென்பொருட் குழுமத்துக்காக மாணவர் செயற்றிட்ட யோசனைகளைச் சேகரிப்பவருக்கு யோசனைப் பஞ்சம் ஒருநாளும் வராது. அவற்றுக்குப் பொறுப்பேற்க ஓர் ஆளைத் தேடும்போதுதான் ஊரே வெறிச்சோடிக் கிடப்பது தெரியும். ஏதேனும் ஒரு சங்கத்தில் செயலாளராக அகப்பட்டுக்கொண்டவர்கள் இதை வாசித்தால், என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடுவார்கள்.

எங்களுடையது திறந்த மூல மென்பொருட் குழுமம். அதன் நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான், மொழிபெயர்ப்பாளராக அதிற் சேர்ந்தேன். இத்தகைய குழுமங்களில் மூன்று மாதம் பயிலும் மாணவருக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஆண்டுதோறும் கொடுப்பனவு தருகிறது. யோசனைகளையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிகாட்டியின் பெயரையும் குழுமம் முன்கூட்டியே அனுப்பவேண்டும். பிழையின்றி எழுதுவேன் என்ற ஒரே குற்றத்துக்காக அந்த வேலை என் தலையில் விழுந்தது.

வாரி வழங்கியவர்

கனடாவில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் யோசனைகளைக் குரற்பதிவுகளாக அனுப்பிக்கொண்டே இருந்தார். ஏட்டுச்சுவடியை வாசிக்கும் செயலி, பேச்சை எழுத்தாக்கும் செயலி, இரண்டையும் இணைக்கும் செயலி. ஒவ்வொன்றையும் கேட்டு, ஒழுங்குபடுத்தி எழுதியபின், இவற்றுள் எதற்கு நீங்கள் வழிகாட்டுவீர்கள் என்று வினவினேன். மறுமொழியும் குரற்பதிவாகவே வந்தது: “ரீச்சர், என்ரை பங்கு யோசனை தாறது. மிச்சத்தை அங்கை நிக்கிற பெடியள் பாப்பினம்தானே.”

சோடாவும் ஒரு நிபந்தனையும்

யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்துக்கு அருகே கணினிப் பயிற்சி நிலையம் நடத்துபவரிடம் நேரிற் சென்றேன். அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரேனும் வழிகாட்டியாக வரமாட்டாரா என்பது என் எதிர்பார்ப்பு. சோடா வரவழைத்துத் தந்து, நான் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பின்பு கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு சொன்னார்: “ஆள் தாறன். ஆனால் வாற பிள்ளை எங்கடை நிலையத்துக்கு மாணவர் வரவு பதியிற புரோகிராம் ஒண்டு எழுதித் தரவேணும். காசு வெளிநாட்டுக்காரன்தானே குடுக்கிறான், உங்களுக்கென்ன ரீச்சர்?” கொடுப்பனவு குழுமத்தின் வேலைக்கு மட்டுமே என்று சொல்லி, சோடாவுக்கு நன்றி கூறி எழுந்தேன்.

மயிலிட்டியில் இருந்து வந்த யோசனை

உருப்படியான ஒரே யோசனையைத் தந்தவள் கஜனி. என் பழைய மாணவி, இப்போது பல்கலைக்கழகத்தில் கணினி பயில்கிறாள். கடல் வானிலை அறிவிப்பைத் தமிழில் உரத்து வாசிக்கும் செயலி அவளுக்கு வேண்டியிருந்தது. தகப்பனார் மயிலிட்டியில் மீன்பிடிப்பவர்; கண்ணாடி இன்றி அவரால் கைப்பேசியை வாசிக்க இயலாது; கண்ணாடியைக் கடலுக்குக் கொண்டுபோகவும் மாட்டார். கொடுப்பனவு கிடைத்தால் மடிக்கணினி வாங்குவதாக அவள் முடிவுசெய்திருந்தாள். அதுவரை, வளாகக் கணினிக்கூடம் பூட்டப்படும் நேரமே அவளுடைய படிப்பின் எல்லை.

எங்கள் மென்பொருளின் பெரும்பகுதியை எழுதிய சிவநேசன் அண்ணையிடம் இதைச் சொன்னேன். வழிகாட்டியாக இருக்க உடனே இசைந்தார். முழுத்தகுதியுள்ள ஒரு யோசனையாவது தேறிற்றே என்று, அன்று நான் நிம்மதியாக உண்டேன். அவர் சொன்ன சொல் இன்றும் காதில் நிற்கிறது: “நீங்கள் யோசியாதையுங்கோ தங்கச்சி. அதை நான் பாத்துக்கொள்ளுறன்.”

கூட்டி வைத்த வீடு

விண்ணப்பிக்கும் மாணவர் முதலில் எங்கள் நிரலில் உள்ள சிறு பிழை ஒன்றைத் திருத்திக் காட்டவேண்டும் என்பது விதி. ஆகவே எளிய பிழைகள் சிலவற்றை, எவரும் தொடலாகாது என்று குறித்து, புதியவர்களுக்கென விட்டுவைத்திருந்தோம். ஒரு சனிக்கிழமை கஜனி அவற்றைத் தேடினாள், ஒன்றும் இல்லை. அத்தனையையும் அண்ணை திருத்தி முடித்திருந்தார்.

தொலைபேசியில் அழைத்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் குரலில் குற்றவுணர்வின் சாயலும் இல்லை. “வீட்டுக்கு ஆக்கள் வருகினம் எண்டால் கூட்டித் துடைச்சு வைக்கிறேல்லையே, தங்கச்சி?”

முடிந்த காரியம்

இனி எதையும் தொடுவதில்லை என்று வாக்களித்தவர், அடுத்த கிழமையே செயலி ஒன்றைக் குழுமத்தின் பார்வைக்கு வைத்தார். அது கடல் வானிலை அறிவிப்பைத் தெளிந்த தமிழில் வாசித்தது. கனடாக்காரர் பாராட்டிக் குரற்பதிவு அனுப்பினார். நடந்ததை எழுதி அனுப்பினேன்; முடிந்த வேலையைச் செயற்றிட்டமாக ஏற்பதற்கில்லை என்று நிறுவனம் இரண்டு வரியில் அறிவித்தது. எங்களிடம் வழிகாட்டியோடு இருந்த யோசனை அது ஒன்றுதான். ஆகவே இவ்வாண்டு எங்களுக்கு இடமும் இல்லை.

அண்ணைக்கு அது இன்னும் விளங்கவில்லை. “மூண்டு மாசம் அந்தப் பிள்ளையை ஏன் மினக்கெடுத்தவேணும்?” என்றார், பெருந்தன்மையோடு.

கணினிக்கூடத்துக்குப் போய்ச் செய்தியைக் கஜனிக்கு நானே சொன்னேன். அவள் அழவில்லை. செயலி நன்றாகத்தான் இருக்கிறது, அப்பாவின் கைப்பேசியிற் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்றாள். பின்பு, கணினிக்கூடம் பூட்டும் நேரமாகிவிட்டதென்று பையை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “ரீச்சர், அந்த அண்ணை இன்னும் செய்யாத வேலை ஏதும் மிச்சம் இருக்கே?”

எங்கள் மென்பொருளில் இன்று பிழையென்று ஒன்றும் இல்லை. அதைத் தொட்டுப் பழகிய இளைய கை என்று ஒன்றும் இல்லை.